மஞ்சள் கேலரியில் ஒரு நீலச் சட்டை! - அப்பாவும் நானும் கொச்சிக்கு மேட்ச் பார்க்கப் போன கதை

"ஜாக்கெட் போட்டுக்கப்பா..."

கொச்சி ஸ்டேடியத்தின் கேலரியில் உட்கார்ந்து, அன்றைக்கு நான் அப்பாவிடம் அதிகமுறை சொன்ன வாக்கியம் இதுதான். குளிருக்காக இல்லை. நவம்பர் கடைசியிலும் கொச்சி புழுங்கிக்கொண்டுதான் இருந்தது. சுற்றிலும் கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் சட்டை. நடுவில் என் அப்பா மட்டும் சென்னையின் எஃப்.சி-யின் நீல ஜெர்சியில்!

வெளியூர் போய் மேட்ச் பார்ப்பது என்றால் நம்மூரில் பலருக்கும் நினைவுக்கு வருவது கிரிக்கெட்தான். கால்பந்தில் அதற்கு 'அவே மேட்ச்' என்று பெயர். நம் அணி எதிரணியின் ஊரில் ஆடும். நாமும் பின்னாலேயே போவோம். மேட்ச் என்னவோ 90 நிமிடம்தான், ஆனால் அதற்காக இரண்டு ராத்திரி பயணம் செய்ய வேண்டியிருக்கும். அங்கே நமக்காகக் கை தட்ட நாம் மட்டும்தான் இருப்போம். 'எதுக்கு இந்த வேலை?' என்று கேட்பவர்களுக்கு அப்பாவிடம் ஒரு பதில் இருக்கிறது. அது 2014-ல் தொடங்குகிறது.

ஐ.எஸ்.எல் தொடரின் முதல் சீசன் அது. அரையிறுதியில் சென்னையும் கேரளாவும் மோதின. கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் கேரளா 3-0 என ஜெயித்துவிட்டது. இரண்டாவது ஆட்டம் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில். அப்பா என்னையும் அழைத்துப்போனார். அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. சென்னை திருப்பி அடித்தது. 90-வது நிமிடத்தில் ஜேஜே போட்ட கோலோடு 3-0. மொத்தக் கணக்கு சமம்! முன்பின் தெரியாத ஒருவர் என்னைத் தூக்கிச் சுற்றியது இன்னும் நினைவிருக்கிறது. பிறகு கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்தார். அவ்வளவுதான். பெரம்பூர் வரும் வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தார்: "ஒருநாள் அவங்க ஊருக்குப் போய் பார்க்கணும்டா."

அந்த ஒருநாள் வர ஒன்பது வருஷம் ஆனது. நடுவே சென்னை 2015-லும் 2017-18 சீசனிலும் கோப்பையை வென்றது. ஆனால், அப்பாவின் கணக்கில் கொச்சி பாக்கி இருந்தது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற கையோடு, "பாஸ் இருக்கு, நேரமும் இருக்கு. நீ லீவ் போடு" என்றார். 2023 நவம்பர் 29, புதன்கிழமை, இரவு 8 மணி ஆட்டம்.

லீவ் உறுதியானது கடைசி நேரத்தில்தான். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். வெளியூர் ஆட்டத்துக்குப் போவதென்றால் 'சூப்பர் மச்சான்ஸ்', 'பி ஸ்டாண்ட் ப்ளூஸ்' மாதிரியான ரசிகர் குழுக்களோடு சேர்ந்து போவதுதான் நல்லது. எல்லாரும் ஒரே இடத்தில் உட்காரலாம், ஒரே குரலில் கத்தலாம். நான் ஆன்லைனில் கிடைத்த இரண்டு டிக்கெட்டை வாங்கிவிட்டேன். எந்தப் பக்கம், யார் உட்காரும் இடம் என்று பார்க்கவே இல்லை. அது கேரள ரசிகர்களின் கோட்டை!

அம்மா புளியோதரை கட்டிக்கொடுத்துவிட்டு, "தோத்துட்டா ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வரக் கூடாது" என்று எச்சரித்து அனுப்பினார். சென்ட்ரலில் திருவனந்தபுரம் மெயில் ஏறி, விடியற்காலையில் எர்ணாகுளம் நார்த்தில் இறங்கினோம். கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். அங்கிருந்து ஸ்டேடியம் போவது சுலபம். பக்கத்திலேயே டவுன் ஹால் மெட்ரோ நிலையம் இருக்கிறது. அடுத்தது கலூர், அதற்கடுத்த நிலையத்தின் பெயரே ஜே.எல்.என் ஸ்டேடியம்தான்.

பகலில் அந்த ஸ்டேடியத்தைப் பார்த்தால் ஒரு கடைத்தெரு மாதிரி இருக்கும். கேலரிக்குக் கீழே வட்டமாகக் கடைகள், சாப்பாட்டு இடங்கள். இது கிரிக்கெட்டும் நடந்த இடம். 1998-ல் சச்சின் டெண்டுல்கர் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 5 விக்கெட் எடுத்தது இங்கேதான். (பேட்டிங்கில் இல்லை, பௌலிங்கில்!) அதே சச்சின்தான் பின்னாளில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியின் முதல் உரிமையாளர்களில் ஒருவரானார். 'பிளாஸ்டர்ஸ்' என்ற பெயரே அவருடைய 'மாஸ்டர் பிளாஸ்டர்' பட்டத்தில் இருந்து வந்ததுதான்.

மாலை 5 மணிக்கு மேல் அந்தக் கடைத்தெரு காணாமல்போனது. மெட்ரோவின் ஒவ்வொரு ரயிலும் ஒரு மஞ்சள் கூட்டத்தைக் கொண்டுவந்து கொட்டியது. குழந்தையைத் தோளில் வைத்த அப்பாக்கள், மஞ்சள் துப்பட்டா போட்ட பாட்டி, முகத்தில் சாயம் பூசிய கல்லூரிப் பெண்கள். கேரள ரசிகர் படைக்கு 'மஞ்ஞப்பட' என்று பெயர். இந்தியக் கால்பந்தின் பெரிய ரசிகர் கூட்டங்களில் ஒன்று. இவ்வளவு இருந்தும் அந்த அணி மூன்று முறை ஐ.எஸ்.எல் இறுதிப்போட்டி வரை போய், மூன்றிலும் தோற்றிருக்கிறது. அப்பா கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "அவங்ககிட்ட கூட்டம் இருக்கு. நம்மகிட்ட கப்பு இருக்கு."

"மெதுவா சொல்லுப்பா!"

எனக்குப் பயம் இருந்தது, மறைக்கவில்லை. கால்பந்து ரசிகர்களைப் பற்றி நல்லதும் கெட்டதுமாக நிறைய படித்திருக்கிறேன். இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கென்று 3,000 இருக்கைகள், சின்ன ஸ்டேடியம் என்றால் 10 சதவிகிதம் ஒதுக்க வேண்டும். டிக்கெட்டும் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. அதே நேரம், உள்ளூர் ரசிகர்கள் நடுவே எதிரணி ஜெர்சியோடு உட்கார்ந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அர்ஜென்டினாவில் வன்முறைக்குப் பயந்து 2013-ல் வெளியூர் ரசிகர்களே வரக் கூடாது என்று தடை போட்டார்கள். இதையெல்லாம் படித்துவிட்டு, அப்பாவின் நீலச் சட்டையைப் பார்த்தால் வயிற்றைக் கலக்காதா?

கேட்டில் வழக்கமான சோதனை. தண்ணீர் பாட்டில், பெரிய பை போன்றவற்றை ஸ்டேடியங்களில் அனுமதிப்பதில்லை என்பதால் எல்லாவற்றையும் லாட்ஜிலேயே வைத்துவிட்டோம். உள்ளே எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பத்து வயது மகள். மூன்று பேரும் மஞ்சள். அந்த அண்ணன் அப்பாவின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார். "சென்னையில் நின்னாணோ?" என்றார். அப்பா தலையாட்டினார். அடுத்த கேள்வி: "ஊணு கழிச்சோ?" சாப்பிட்டாச்சா என்று கேட்கிறார்! கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட்டைத் திணித்தார்.

ஆட்டம் தொடங்கியது. முதல் நிமிடம்! சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து முடிக்கும் முன் ரஹீம் அலி கோல் போட்டுவிட்டார். மொத்த ஸ்டேடியமும் சட்டென்று ஊமையாக, ஒரே ஒரு குரல் மட்டும், "அடிச்சான்டா!" என் அப்பா, 61 வயதில், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நான்கு வரிசை மக்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன்.

11-வது நிமிடத்தில் பெனால்ட்டி, கேரளாவின் டயமன்டகோஸ் சமன் செய்தார். இப்போது அந்த நான்கு வரிசையும் அப்பாவைப் பார்த்துத்தான் கொண்டாடியது. இரண்டே நிமிடத்தில் எங்களுக்கு ஒரு பெனால்ட்டி; ஜோர்டன் முர்ரே கோலாக்கினார். 24-வது நிமிடத்தில் அவரே இன்னொன்று. 3-1! முர்ரே முன்பு இதே கேரள அணிக்காக ஆடியவர் என்பது அவர்கள் வயிற்றெரிச்சலை அதிகமாக்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது கோலுக்கு அப்பா எழுந்தபோது பின்னால் இருந்து ஒரு கசக்கிய பேப்பர் கப் வந்து அவர் கழுத்தில் விழுந்தது. வலிக்கிற அடி இல்லை. கொஞ்சம் டீ மிச்சமிருந்தது, காலர் நனைந்தது. யாரோ ஏதோ கத்தினார்கள், புரியவில்லை. பக்கத்து அண்ணன் எழுந்து பின்பக்கம் திரும்பி மலையாளத்தில் பொரிந்து தள்ளினார். அவர் மனைவி டிஷ்யூ நீட்டினார். எறிந்தவன் யாரென்று கடைசி வரை தெரியவில்லை.

"ஜாக்கெட் போட்டுக்கப்பா."

இந்த முறை அப்பா மறுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், போட்டுக்கொண்டார், ஜிப்பைக் கழுத்து வரை இழுத்துவிட்டார். ஒன்பது வருஷம் காத்திருந்து வந்தவரை நானே மூடச் சொல்லிவிட்டேன் என்று அப்போது உறைக்கவில்லை. பத்திரமாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது.

38-வது நிமிடத்தில் குவாமே பெப்ரா ஒன்று திருப்பினார். இடைவேளையில் பக்கத்து அண்ணனோடு அப்பா தமிழும் மலையாளமும் கலந்து பேசத் தொடங்கிவிட்டார். அவரும் அவே மேட்ச் பைத்தியம்தான். 2022-ல் கோவாவில் கேரளா ஆடிய இறுதிப்போட்டிக்குப் போனவர். ஹைதராபாத்திடம் பெனால்ட்டியில் தோற்ற ஆட்டம். அந்த ஆட்டத்துக்காக மலப்புறத்தில் இருந்து பைக்கில் கிளம்பிய இரண்டு இளைஞர்கள், காசர்கோடு மாவட்டத்தில் லாரி மோதி இறந்துபோனார்கள். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. "ட்ரெயின்ல வந்தது நல்லது" என்றார் அப்பாவிடம். மகளிடம் ஏதோ சொன்னார். அவள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

59-வது நிமிடத்தில் டயமன்டகோஸ் மறுபடியும் அடித்தார், 3-3. கேலரி ஆடியது, நிஜமாகவே காலடியில் அதிர்வு தெரிந்தது. அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போனதென்று சொல்ல என்னால் முடியாது. முக்கால்வாசி நேரம் நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறை கேரளா பந்தோடு ஓடும்போதும் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு ஜெர்சியைப் பிடித்துக்கொண்டார். விசில் அடித்தபோது இரண்டு அணியும் 3-3. ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை.

கூட்டம் கலையத் தொடங்கியது. அந்தச் சிறுமி அம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். எங்களோடு போட்டோ எடுக்க வேண்டுமாம். நான் போனை வாங்கிக்கொண்டு நின்றேன். அவள் தலையை ஆட்டி, அப்பாவின் ஜாக்கெட்டைக் காட்டி, "ப்ளூ... ப்ளூ" என்றாள்.

அப்பா ஜிப்பைக் கீழே இறக்கினார். டீக்கறையோடு நீலம் வெளியே வந்தது.

மெட்ரோவில் நிற்கக்கூட இடம் இல்லை. போட்டி நாட்களில் இரவு கூடுதல் நேரம் ரயில் விடுவதால் தப்பித்தோம். லாட்ஜ் போய்ச் சேரும் வரை அப்பா முதல் கோலைப் பற்றி மட்டும் பேசினார். பேப்பர் கப்பைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை. (இதைப் படித்தால் தெரிந்துவிடும், என்ன செய்ய?)

அந்த போட்டோதான் இப்போதும் அப்பாவின் வாட்ஸ்அப் முகப்புப் படம். ஊருக்கு வந்த அன்றே அம்மா பார்த்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்துல மஞ்சச் சட்டையில யாரு அது?"

"கேரளாக்காரன். நல்லவன். ஆனா கப்பு இல்ல, பாவம்" என்றார் அப்பா.