வெள்ளி எறும்பின் நண்பகல் பயணம்

சகாரா பாலைநிலத்து மணற்பரப்பு கோடை நண்பகலில் 60 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூடேறிவிடுகிறது. ஏனைய உயிர்கள் வளைகளில் ஒடுங்கும் அந்நேரத்தில்தான் அங்கு வாழும் வெள்ளி எறும்புகள் கூட்டமாக வெளியே புறப்படுகின்றன. அவற்றின் உடல் தாங்கக்கூடிய உச்ச வெப்பநிலையோ ஏறத்தாழ 53.6 டிகிரிதான். அவ்வாறிருக்க, சாவை நோக்கி இவை வலிந்து செல்வானேன்?

சூரிச் பல்கலைக்கழகத்தின் ரூடிகர் வேனரும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் இதற்கு விடை கூறினர். எறும்புக் கூட்டின் அருகே ஒரு பல்லியினம் இரைக்காகக் காத்திருக்கிறது. வெயில் முற்றி அப்பல்லி வளைக்குள் ஒளிந்த பின்னரே எறும்புகள் வெளிவருகின்றன. வெப்பம் தாளாது மடிந்த பிற பூச்சிகளே அவற்றின் உணவு. ஆக, பகையை விரட்டுவதும் இரையை வீழ்த்தித் தருவதும் அவ்வெப்பமே. சில நிமிடங்கள் தாமதித்தால் எறும்பையும் அதுவே கொன்றுவிடும்.

அச்சில நிமிடங்களைத் தாக்குப்பிடிக்க உதவுவது எது என்னும் வினாவுக்கு இயற்பியலில்தான் விடை தேட வேண்டியுள்ளது. உயிரியலையும் இயற்பியலையும் வெவ்வேறு பாடவேளைகளில் பயின்ற நமக்கு இது சற்றே வியப்பூட்டலாம். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நான்ஃபாங் யூ குழுவினர், எறும்பின் முதுகையும் பக்கங்களையும் போர்த்தியுள்ள மயிர்களை நுண்ணோக்கியில் ஆய்ந்தனர். மயிரின் குறுக்குவெட்டு வட்டமன்று, முக்கோணம். உள்ளே புகும் ஒளி அதன் அடிப்பக்கத்தில் முழு அக எதிரொளிப்புக்கு உள்ளாகி வெளியே திரும்புகிறது. எறும்பு வெள்ளியாய் மின்னுவதும் இதனால்தான். அதே மயிர்கள், கண்ணுக்குப் புலப்படாத நடு அகச்சிவப்பு அலைநீளங்களில் உடல்வெப்பத்தை வானை நோக்கி வெளியேற்றுகின்றன. இவ்விரு செயல்களாலும் உடல் வெப்பநிலை 5 முதல் 10 டிகிரி வரை குறைகிறது. அடிவயிற்றில் மட்டும் மயிர் இல்லை. இருந்திருந்தால் சுடுமணலின் வெப்பக்கதிர்களை அது உறிஞ்சியிருக்கும்.

கூரைகளுக்குக் குளிர்ச்சி தரும் மேற்பூச்சுகளை ஆக்க முனைவோர்க்கு இவ்வெறும்பு நல்ல முன்மாதிரி. ஆயினும் நம் வட்டாரத்தில் அதே பயனை எதிர்பார்த்தல் இயலாது. காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. பாலைவனத்தின் உலர்ந்த வானம் சிங்கப்பூருக்கோ பினாங்குக்கோ வாய்ப்பதில்லை.

உடல் எவ்வளவு குளிர்ந்தாலும் வழி தவறிய எறும்பு பிழைக்காது. மணத்தடம் இட்டுச் செல்லலாமெனில், சுடுமணலில் அது விரைவில் ஆவியாகிவிடும். எனினும், கோணல்மாணலாக அலைந்த எறும்பு இரை கிட்டியதும் கூட்டை நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் ஓடுகிறது. திசையைக் கதிரவனையும் வானொளியின் முனைவாக்கத்தையும் கொண்டு அறிகிறது. தூரத்தை எவ்வாறு அறிகிறது?

2006இல் மத்தியாஸ் விட்லிங்கர், வேனர், ஹரால்ட் வுல்ஃப் ஆகிய மூவரும் துனிசியாவில் இதன் உறவினமான மற்றோர் எறும்பை ஆய்ந்தனர். கூட்டிலிருந்து 10 மீட்டர் நடந்து உணவிடம் சேர்ந்த எறும்புகளுள் சிலவற்றுக்குப் பன்றிமயிரால் பொய்க்கால் ஒட்டினர். வேறு சிலவற்றின் கால்களைக் குறைத்தனர். (பின்னைய செயல் நம்மை உறுத்தத்தான் செய்கிறது.) பொய்க்கால் எறும்புகள் 15 மீட்டரளவு கடந்த பின்னரே கூட்டைத் தேடின. கால் குறைந்தவை 6 மீட்டருக்குள்ளேயே தேடத் தொடங்கின. பின்னர் அதே கால்களோடு கூட்டிலிருந்து புறப்பட்டு மீண்டபோது இரு சாராரும் சரியான இடத்தையே அடைந்தனர். எறும்பு தன் அடிகளைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

திசைக்கணக்கு நிகழும் இடம் பூச்சி மூளையின் நடுப்பகுதியே எனப் பழ ஈக்களில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. 2015இல் யோகன்னஸ் ஸீலிக், விவேக் ஜெயராமன் இருவரும், ஈ திரும்புந்தோறும் அங்குள்ள வளையவடிவ நரம்புத்தொகுதியில் கிளர்ச்சிப்புள்ளி ஒன்று திசைகாட்டி முள்போல் நகர்வதைக் கண்டனர். இருளிலும் அம்முள் அணையவில்லை. அடிக்கணக்கு அதனோடு எங்கே இணைகிறது என்பதையே நரம்பியலார் இப்போது எறும்பின் மூளையில் தேடி வருகின்றனர்.