சாயனமும் நிரயணமும்: ராசிப் பெயர்களின் சுட்டுப்பொருளும் மொழிபெயர்ப்பும்

ராசிகளின் பெயர்கள் மொழிபெயர்ப்பாளருக்குத் தொல்லை தராதவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ‘ஏரீஸ்’ என்பதற்கு மேஷம், ‘காப்ரிகார்ன்’ என்பதற்கு மகரம் என்று இருமொழி அகராதிகள் நிகர்ப்படுத்துகின்றன. சொற்பொருள் நிலையில் இது சரியே. சுட்டுப்பொருள் நிலையில் பொருந்துவதில்லை. மேலைச் சோதிடத்தில் சூரியன் மேஷத்தில் புகுவது மார்ச் 21ஐ ஒட்டி. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் ஏப்ரல் 14ஐ ஒட்டி. பெயர் ஒன்றாயினும் அது சுட்டும் வான்பகுதி வேறு.

சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையை முப்பது பாகை கொண்ட பன்னிரு பகுதிகளாகப் பகுப்பது இரு முறைகளுக்கும் பொது. எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில்தான் வேறுபாடு. இளவேனிற் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் நிற்கும் புள்ளியைத் தொடக்கமாகக் கொள்வது சாயன முறை. விண்மீன்களிடையே நிலையான ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொள்வது நிரயண முறை. புவியின் அச்சு பம்பரத்தின் அச்சைப்போல மெல்லச் சுழல்வதால், சமநாட் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை மேற்கே நகர்கிறது. ஒரு பாகை நகர ஏறக்குறைய 72 ஆண்டுகள் ஆகும். சித்திரை விண்மீனை 180ஆம் பாகையில் நிறுத்தும் கணக்கின்படி, இரு தொடக்கங்களும் கி.பி. 285ஐ ஒட்டி ஒன்றாயிருந்தன. இன்று அவற்றின் இடைவெளி சுமார் 24 பாகை. இவ்விடைவெளியே அயனாம்சம். நிரயண ராசியை விண்மீன் கூட்டம் என்று பெயர்ப்பதும் தவறு. கண்ணுக்குத் தெரியும் கூட்டங்கள் சம அளவினவல்ல, ராசிகளோ சம அளவின.

கலைச்சொற்களின் அமைப்பு நோக்கத்தக்கது. ‘ஸ + அயன’ என்பது அயனத்தோடு கூடியது. ‘நிர் + அயன’ என்பது அது நீங்கியது. அயனாம்சத்தைக் கூட்டினால் ஒன்று, கழித்தால் மற்றொன்று என்னும் கணக்கரின் செய்முறையே பெயராயிற்று. முன்னதில் ‘ன’வும் பின்னதில் ‘ண’வும் வருவது எழுத்துப் பிழையன்று, ரகரத்தின் பின் வரும் நகரம் வடமொழியில் நாமடி ஒலியாகத் திரியும். உத்தராயணத்திலும் இவ்விதியே. தட்சிணாயனத்தில் இடைநிற்கும் ‘ண’கரம் அத்திரிபைத் தடுக்கிறது, ஆனால் உத்தராயணத்தின் ஒப்புமையால் தமிழில் பலர் ‘தட்சிணாயணம்’ என்றே எழுதுகின்றனர். ஒப்புமையாக்கத்தைக் கற்பிப்பவர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு!

பெயர்கள் ஒன்றாயிருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. வேதாங்க சோதிடம் அறிந்தவை நட்சத்திரங்களே. பன்னிரு ராசிகள் கிரேக்கத் தொடர்பால் வந்தவை. வராகமிகிரர் தம் பிருஹத் ஜாதகத்தில் தரும் கிரிய, தாவுரி, ஜிதும போன்ற பெயர்கள் கிரேக்கச் சொற்களின் ஒலிபெயர்ப்பே. கி.பி. ஆறாம் நூற்றாண்டினரான அவர், முற்காலத்தில் ஆயிலியத்தின் நடுவிலும் அவிட்டத்தின் தொடக்கத்திலும் நிகழ்ந்த அயனத் திருப்பங்கள் தம் காலத்தில் கடக, மகரத் தொடக்கங்களில் நிகழ்வதாகக் குறிக்கிறார். அந்நாளில் இரு முறைகளுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஒரே பெயர் இரண்டுக்கும் இடரின்றிப் பொருந்தியது. பின்னர் சுட்டுப்பொருள் பிரிந்தது, சொல் பிரியவில்லை.

இப்பிரிவு ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இடையே மட்டும் உள்ளதன்று, தமிழுக்குள்ளேயே உண்டு. பள்ளிப் புவியியலில் வரும் மகர ரேகை சாயன மகரம். டிசம்பர் 22ஐ ஒட்டிச் சூரியன் அதன்மேல் நேராக நிற்கிறது. பஞ்சாங்கத்தின் மகரமோ நிரயணம். அதில் சூரியன் புகுவது தை முதல் நாள். வடதிசைத் திருப்பத்தைக் குறித்த உத்தராயணம் என்னும் சொல்லும் இவ்வாறே திருப்பத்தை விட்டுத் தைப்பிறப்போடு ஒட்டிக்கொண்டது. ஆகவே, சூரியன் மகரத்தில் நுழையும் குளிர்காலத் திருப்பம் என்னும் ஆங்கிலத் தொடரை ‘மகர சங்கராந்தி’ என்று பெயர்த்தால், நிகழ்ச்சி மூன்று வாரங்களுக்கு மேல் தள்ளிப்போகும். பாரதத்தில் வீடுமர் காத்திருந்த உத்தராயணத்துக்குத் தைப்பொங்கல் நாள் என்று அடிக்குறிப்பு எழுதுவது இதனினும் பெரிய பிழை. அங்கே பேசப்படுவது சூரியனின் திருப்பமே.

அரசு ஆவணங்களை மொழிபெயர்ப்போருக்கு வேறொரு சிக்கல். மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை அளித்தது. தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. நிலாவழி மாதங்களுக்குரிய சைத்ரம், வைசாகம் ஆகிய பெயர்களைக் குழு சாயன ஆண்டின் மாதங்களுக்கு இட்டது. பஞ்சாங்கத் தேவைகளுக்கு நிரயணத்தை ஒதுக்கிவிடவில்லை. விளைவு, சைத்ரம் முதல் நாள் மார்ச் 22 (நெட்டாண்டில் 21). தமிழ்ச் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14ஐ ஒட்டி. இரண்டும் ‘சித்ரா’ என்னும் ஒரே சொல்லினின்று பிறந்தவை. அரசிதழின் ‘சைத்ரம்’ தமிழாக்கத்திலும் சைத்ரமாகவே நிற்றல் வேண்டும். ‘சித்திரை’ என்று தமிழ்ப்படுத்தும் ஆர்வம் இங்கே நாளையே மாற்றிவிடும்.

மேலைச் சோதிட நூலைத் தமிழாக்குவோர் முதல் வருகையிலேனும் ‘சாயன மேஷம்’ என்று அடை கொடுப்பது போதுமானது என்பது என் கருத்து. மூல நாள்களைத் தமிழ்ப் பஞ்சாங்கத்துக்கேற்பத் திருத்துதல் கூடாது. அது மொழிபெயர்ப்பாகாது, வேறு கணிதமாகிவிடும். மேலும், ‘நான் லியோ’ என்று ஆங்கிலக் கதைமாந்தர் கூறுவது பிறந்தபோது சூரியன் நின்ற ராசியை. ‘எனக்குச் சிம்ம ராசி’ என்று தமிழர் கூறுவது சந்திரன் நின்ற ராசியை. இங்கே தொடக்கப்புள்ளியோடு கோளும் மாறிவிடுவதால், ‘சூரிய ராசி’ என்று விரித்தெழுதுதல் வேண்டும்.

‘டிராபிகல்’ என்னும் சொல்லைக் கண்டவுடன் ‘வெப்பமண்டல’ என்று எழுதும் பழக்கமும் இத்துறையில் இடர் தரும். அதன் கிரேக்க வேர்ச்சொல் குறிப்பது வெப்பத்தையன்று, திருப்பத்தை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் வழங்கும் ‘அயனமண்டலம்’ அப்பொருளைக் காத்து நிற்கிறது. அவ்வழக்கில் பயின்றவருக்குச் ‘சாயனம்’ என்பதில் உள்ள அயனமும் எளிதில் விளங்கும்.