விரலே கண்: பழவேற்காட்டில் ஒரு நரம்பியல் பாடம்

பழவேற்காடு ஏரிப் பக்கம் போயிருக்கீங்களா? இடுப்பளவு கலங்கல் தண்ணீரில் இருளர் மக்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. வாயில் கவ்விய ஓலைப் பறி, சேற்றைத் தடவும் இரண்டு கை, அவ்வளவுதான். கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் விரல் இறாலைக் கண்டுபிடித்துவிடும்.

விரல் நுனித் தோலுக்கு அடியில் அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் ஏற்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. இறால் துள்ளியதும் அவை மின்துடிப்புகளை அனுப்பும். கை நரம்பு, தண்டுவடம், கடைசியில் மூளை. வலது கைச் செய்தி இடப்பக்க மூளைக்குப் போகும். மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து உடம்பெங்கும் பிரியும் நரம்புகள் புற நரம்பு மண்டலம்.

ஹாஸ்டலில் ஒரு சோதனை செய்து பாருங்க. நண்பரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பென்சில் முனையை 5 மி.மீ. இடைவெளியில் விரல் நுனியில் வையுங்கள். "ரெண்டு" என்பார். அதையே முதுகில் வைத்தால் "ஒண்ணு" என்பார். முதுகில் ஏற்பிகளும் குறைவு, அதற்கு மூளை ஒதுக்கிய இடமும் குறைவு.

சரி, சேற்றில் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்துவிட்டால்? வால் முள் குத்திய உடனே கால் தானாக மேலே வரும். அந்த உத்தரவைப் போட்டது தண்டுவடம். மூளைக்குச் செய்தி பிறகுதான் போகும். இதுதான் அனிச்சைச் செயல். வலியும் இரண்டு தவணையில் வரும். கணக்குப் போடுவோம்: பாதத்திலிருந்து மூளைக்குச் சுமார் 1.5 மீட்டர். மயலின் உறை போர்த்திய வலி நரம்பிழையில் வேகம் நொடிக்கு 15 மீட்டர் என்றால், 0.1 நொடியில் 'சுரீர்'. உறை இல்லாத இழையில் நொடிக்கு 1 மீட்டர்தான். அந்த எரிச்சல் வர 1.5 நொடி ஆகும். நம்ம பாஷையில், இன்சுலேஷன் செய்யும் வேலை.

ஆனால் வலிதான் ஆபத்தின் அளவுகோல் என்று நினைத்துவிடாதீங்க. கடலில் வலையோடு வரும் கடல் பாம்பு கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு வேறு, தசையை இயக்கும் நரம்பு வேறு. இயக்கு நரம்பு முடியும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிவந்து தசையின் ஏற்பியில் உட்கார்ந்தால்தான் தசை சுருங்கும். விஷம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கம்பி நன்றாகத்தான் இருக்கும், சாக்கெட் அடைபட்டிருக்கும். சில மணி நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுக்கான தசைகளும் ஓய்ந்துவிடும். தசைகளும் சிறுநீரகமும்கூடப் பாதிக்கப்படலாம்.

நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்கானது. கடல் பாம்பு விஷத்தை அது முறிக்காது. விஷத்தின் பிடி தளரும்வரை செயற்கை சுவாசம்தான் உயிரைக் காக்கும்.

அதனால் மீன்பிடிக்கிற குடும்பத்தில் யாராவது "கடிச்சுது, ஆனா வலிக்கலை" என்றால், கீறாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, காத்திருக்காதீங்க. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்க. வென்டிலேட்டர் உள்ள ஆஸ்பத்திரியா என்று கேட்டுப் போங்க.