எதிர்க்காற்றில் ஒரு நாள்



மேடு ஏறுகிறவருக்கு உச்சி கண்ணுக்குத் தெரியும். எதிர்க்காற்றில் மிதிவண்டி ஓட்டுகிறவருக்கு அப்படி ஒன்றும் தெரிவதில்லை. சாலை சமமாகத்தான் கிடக்கிறது; வண்டி மட்டும் நகர மறுக்கிறது. நெடுந்தூரம் மிதிப்பவர்களில் பலர் மலையைவிடக் காற்றுக்கே அதிகம் அஞ்சுவது இதனால்தான்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் சுமார் 80 கி.மீ. ஆனி, ஆடி மாதங்களில் இந்த வழியே மிதிவண்டியில் செல்பவரை நினைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கப்பட்டு, வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதும் அதனால்தான். பணகுடி வரை பெரும்பாலும் பக்கவாட்டில் மோதும் காற்று, காவல்கிணறு தாண்டியதும் முகத்தில் அறைகிறது. காலையில் மணிக்கு 20 கி.மீ. சென்றவர் இப்போது 10 கி.மீ. செல்லவே தவிக்கிறார். "எனக்குப் பலம் போய்விட்டதே" என்று மனம் சோர்கிறது.

உண்மை அதுவா? கணக்கைப் பார்ப்போம். நம்மீது மோதும் காற்றின் வேகம் இரு மடங்கானால், அதன் தடை நான்கு மடங்காகிறது. 20 கி.மீ. வேக எதிர்க்காற்றில் அதே 20 கி.மீ. வேகத்தில் செல்ல முயன்றால், காற்றைத் தள்ள நான்கு மடங்கு உழைக்க வேண்டும். வேகத்தை 10 கி.மீ. ஆகக் குறைத்தால், காற்றில்லாத நேரத்தில் 20 கி.மீ. வேகத்தில் செல்வதற்குரிய உழைப்பே ஏறத்தாழப் போதும். ஆக, பாதி வேகத்தில் செல்பவர் பாதி உழைப்பவர் அல்லர். அவர் காலையில் உழைத்தது போலவே உழைக்கிறார்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலில், கியரைக் குறைத்து, கால்கள் இலகுவாகச் சுழலும்படி மிதிக்க வேண்டும். முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தினால் தடை குறையும். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. ஆகவே தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். லாரி கடந்து போகும்போது காற்று ஒரு கணம் மறைந்து மீண்டும் தாக்கும். ஹேண்டிலை உறுதியாகப் பிடிக்க வேண்டும். தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்காமல், அடுத்த தேநீர்க் கடை வரை என்று பிரித்துக்கொள்வது நல்லது. இறங்கி அரை மணி நேரம் இளைப்பாறுவது தோல்வி ஆகாது.

துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. முன்னே செல்பவர் காற்றைப் பிளக்க, பின்னே வருபவருக்குச் சுமை வெகுவாகக் குறையும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் இருவரும் ஊர் போய்ச் சேரலாம்.

நம் வீட்டிலும் ஒருவர் பின்தங்கக்கூடும். நோயோ, கடனோ, துயரமோ அவருக்கு எதிராக வீசலாம். "ஏன் இவ்வளவு மெதுவாக வருகிறாய்?" என்று கேட்பதற்கு முன், அவர் முகத்தில் அடிக்கும் காற்றை எண்ணிப் பார்ப்போம். முடிந்தால், சற்று நேரம் அவருக்கு முன்னே செல்வோம்.