கை இறுகினால் கால் துள்ளும்

ஜீவனஹள்ளியில் எங்கள் மருத்துவர், போன மாதம் என் முழங்கால் சில்லுக்குக் கீழே சிறு சுத்தியலால் தட்டினார். கால் அசையவில்லை. சர்க்கரை நோயாளியான எனக்குப் பகீரென்றது. “இரு கை விரல்களையும் கோத்து இழுங்கள்” என்றவர், இழுக்கும்போதே மறுபடி தட்டினார். கால் துள்ளியது!

ரயில் பெட்டிகளின் கப்ளிங் போலக் கைகளைக் கோக்கும் இம்முறையை 1880-களில் எடுத்துரைத்தவர் ஹங்கேரி மருத்துவர் எர்னோ யெண்ட்ராசிக். கையை இறுக்கும் முயற்சி, தண்டுவடத்தில் காலுக்குரிய நரம்புகளையும் உசுப்பிவிடுகிறது. மங்கியிருந்த அனிச்சைச் செயல் வெளிப்படுகிறது. சிலருக்கு இயல்பாகவே அது மந்தமாக இருக்கும். இழுத்தும் கால் அசையாவிட்டால் மேலும் சோதிப்பார்கள்.

சர்க்கரை உள்ள அன்பர்களே, பாதம் மரத்துப்போனால் வயதின் மேல் பழி போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.