உம்மா ஏ, வாப்பா பி, மகன் ஓ

"மூணு சொட்டுல கடைசிச் சொட்டு மட்டும்தான் மாமா கட்டிபட்டுது. சேர் பார்த்துட்டு ஓ பொசிட்டிவ் எண்டு எழுதினார். உம்மாட கிளினிக் கார்டுல ஏ பொசிட்டிவ் எண்டு கிடக்கு. வாப்பா பி. அப்ப நான் எப்படி ஓ?"

ஒலுவில் துறைமுகத்துக்குப் போகும் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையில் இதைக் கேட்டவன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பையன். விளையாட்டாகக் கேட்பதுபோல்தான் கேட்டான். பதிலுக்குக் காத்திருந்த விதம் விளையாட்டாக இல்லை. இந்தக் கணக்குத் தெரியாவிட்டால் வீட்டுக்குள் சந்தேகம் புகுந்துவிடும். ஆகவே பிளேன்டி ஆறினாலும் ஆறட்டும் என்று ஆரம்பத்திலிருந்தே சொன்னேன்.

முதலில் வகுப்பில் பார்த்த அந்த மூன்று சொட்டு. வெள்ளை டைலில் விரல் ரத்தம் மூன்று இடத்தில் வைக்கப்படுகிறது. ஒன்றில் நீல மருந்து, இன்னொன்றில் மஞ்சள், மூன்றாவதில் நிறமில்லாதது. நீலம் ஏயைத் தேடும், மஞ்சள் பியைத் தேடும், நிறமில்லாதது டியை; டி இருந்தால் பொசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். தனித்தனிக் குச்சியால் கலக்கி டைலை மெல்லச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினால், பொருந்திய சொட்டு கெட்ட பால் திரிவதுபோல் சிவப்புக் குருணையாகத் திரியும். மற்றவை வழவழவென்று அப்படியே கிடக்கும். காயத்தில் ரத்தம் உறைகிறதே, அது வேறு; அங்கே இழை பின்னுகிற புரதங்களின் வேலை. இங்கே செங்குழியங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். பேச்சுப் பராக்கில் விட்டால் சொட்டின் ஓரம் காய்ந்து, அதுவும் குருணைபோலவே தெரியும்.

ஒவ்வொருவருக்கும் புது ஊசி என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஊசியைத் துடைத்துத் துடைத்துக் குத்தினால் விரலை நீட்டாதீர்கள், சொல்பவர் யாராக இருந்தாலும்.

இந்தச் சோதனையின் முதல் வகுப்பு வியன்னாவில் நடந்தது. கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் ஆய்வுகூடத்துச் சகாக்கள் ஐந்து பேரின் ரத்தத்தையும் எடுத்து, ஒருவருடைய ரத்தநீரை மற்றவருடைய செங்குழியங்களோடு மாற்றி மாற்றிக் கலந்து, எது திரிகிறது எது திரியவில்லை என்று கட்டம் போட்டு எழுதினார். 1901இல் அதை வெளியிட்டபோது அவர் கண்ட வகைகள் மூன்றே. ஆறு பேரில் ஒருவர்கூட ஏபி இல்லாததால் அது அவர் கண்ணில் படவில்லை; அடுத்த வருடம் வேறு ஆட்களைச் சோதித்தபோதுதான் அகப்பட்டது. எதோடும் திரியாத செங்குழியங்களில் அவருடையதும் ஒன்று. ஆக, அவரும் ஓதான். 1930இல் நோபல் பரிசு வந்தது.

செங்குழியத்தின் மேற்பரப்பில் சீனிச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. சங்கிலியின் நுனியில் ஒருவகைச் சீனி ஒட்டினால் ஏ, இன்னொருவகைச் சீனி ஒட்டினால் பி, இரண்டு விதமான நுனியும் இருந்தால் ஏபி, எதுவும் ஒட்டாவிட்டால் ஓ. நம்மிடம் இல்லாத சீனிக்கு எதிராக நம் ரத்தநீரில் பிறபொருளெதிரி இருக்கும். பிறருடைய ரத்தம் ஏற்றாமலேயே இது எப்படி வந்தது? குடலில் வாழும் பக்டீரியாக்களிலும் அதேபோன்ற சீனிகள் உண்டு. அவற்றைப் பார்த்துத்தான் உடல் பழகிக்கொள்கிறது. பிறந்த பிள்ளைக்கு இது இருப்பதில்லை. சில மாதங்கள் போனபிறகே தலைகாட்டும்.

இனிப் பையனின் கேள்வி. சீனியை ஒட்டும் நொதியத்துக்கான பரம்பரையலகு ஒன்பதாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது. ஆளுக்கு இரண்டு பிரதி: உம்மாவிடமிருந்து ஒன்று, வாப்பாவிடமிருந்து ஒன்று. ஓ பிரதி வேலை செய்யாத பிரதி. பெரும்பாலும் டிஎன்ஏயில் ஒரே ஓர் எழுத்து விடுபட்டதே அதற்குக் காரணம் என்று யமமோட்டோவும் கூட்டாளிகளும் 1990இல் காட்டினார்கள். ஓர் எழுத்துப் போனதால் அதற்குப் பிறகுள்ள வாசகம் முழுதும் குழம்பி, நொதியமே உருவாகாமல் போகிறது. உம்மாவின் இரண்டு பிரதியில் ஒன்று ஏ, மற்றது ஓ என்று வையுங்கள். ஓ வாய் திறக்காது, ஏ தன் வேலையைச் செய்யும், கார்டில் ஏ என்று எழுதுவார்கள். வாப்பாவிடம் பியும் ஓவும். இரண்டு பேரும் ஓ பிரதியையே பிள்ளைக்குக் கொடுத்தால் பிள்ளை ஓ. நாலுக்கு ஒன்று வாய்ப்பு. சந்தேகப்பட இதில் எதுவுமே இல்லை.

மறுபக்கமும் உண்டு. ஓ வாப்பாவுக்கும் ஓ உம்மாவுக்கும் பி பிள்ளை பிறக்காது என்று புத்தகம் சொல்லும். 1952இல் பம்பாயில் பெண்டேயும் சகாக்களும் கண்ட ரத்தம் அந்த விதியையும் இடித்தது. சீனி ஒட்டுவதற்கான அடிச்சங்கிலியே அந்த ஆட்களிடம் முழுமையாக இல்லை. டைலில் ஓ போலவே தெரிவார்கள். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினாலும் அவர்கள் உடல் எதிர்க்கும். பி பிரதியை வெளிக்காட்டாமல் சுமந்து பிள்ளைக்குக் கொடுக்கவும் அவர்களால் முடியும். அபூர்வம்தான், ஆனால் நம் தெற்காசியாவில்தான் அதிகம் காணப்படுகிறது. வகுப்பு டைலை வைத்துக்கொண்டு யாருடைய குடும்பத்துக்கும் தீர்ப்பு எழுதக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

 

"ஓ எண்டா எல்லாருக்கும் குடுக்கலாம்தானே?" என்றான் பையன். பாதி சரி. செங்குழியத்தை எல்லாருக்கும் கொடுக்கக்கூடியவர் ஓ நெகட்டிவ். இவன் பொசிட்டிவ், ஆகவே பொசிட்டிவ் ஆட்களுக்குத்தான். வாங்கவேண்டி வந்தால் ஓவைத் தவிர வேறெதையும் இவன் வாங்கமுடியாது. இலங்கையில் ஓதான் அதிகம், அடுத்தது பி. நெகட்டிவ் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். உம்மா நெகட்டிவாக இருந்து பிள்ளை பொசிட்டிவாகப் பிறந்தால், 72 மணி நேரத்துக்குள் அன்டி-டி ஊசி போடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து. கிளினிக்கில் முதல் வேலையாக உம்மாமாரின் ரத்த வகையைப் பார்ப்பது இதற்காகவும்தான்.

சேர் எழுதிய ஓ பொசிட்டிவை இரத்த வங்கி நம்பப்போவதில்லை. அவர்கள் செங்குழியத்தையும் பார்ப்பார்கள், ரத்தநீரைத் தெரிந்த ஏ, பி செங்குழியங்களோடு கலந்து தலைகீழாகவும் பார்ப்பார்கள். இவன் உண்மையிலேயே ஓ என்றால் அங்கே இரண்டுமே திரிய வேண்டும். அதன்பிறகும், நோயாளியின் ரத்தத்தோடு பொருத்திப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். 2014இலிருந்து நாட்டில் சேரும் ரத்தம் முழுவதும் தானாக முன்வந்து கொடுப்பவர்களுடையது. இவனுக்கு 18 ஆகட்டும், கொடுக்கலாம். பிறகு நான்கு மாதம் விட்டு மறுபடியும்.

"அப்ப தங்கச்சி என்ன வகையா இருப்பா?"

நாலில் எதுவும் ஆகலாம், பொசிட்டிவா நெகட்டிவா என்றுகூட இப்போது சொல்ல முடியாது என்றேன்.