நடுக்குவாதமும் நமது கடமையும்

முதுமை வந்தால் கை நடுங்குவதும் நடை தளர்வதும் இயற்கைதானே என்று சொல்லி, வீட்டுப் பெரியவர்களைத் திண்ணையோடு இருத்திவிடும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்வாறு இருத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைப் பீடித்திருப்பது முதுமையன்று, வியாதி; அதுவும் சிகிச்சைக்கு இணங்கக்கூடிய வியாதி என்பதை நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம். நடுக்குவாதம் என்று நம்மவரும், பார்க்கின்ஸன் நோய் என்று மேனாட்டாரும் இதனை வழங்குகின்றனர். லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் 1817-ஆம் ஆண்டில் ஆறு பேருடைய நிலையை விவரித்து ஒரு சிறு நூல் வெளியிட்டார்; பின்னர் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது.

பெண்ணாடம், விருத்தாசலம் வட்டாரத்தில் கரும்பு வெட்டுவோருக்கும், நெல் நடுவோருக்கும், பீங்கான் தொழிலகங்களில் பொம்மை வார்ப்போருக்கும் கையே மூலதனம். அந்தக் கை ஓய்ந்திருக்கும்போது நடுங்குகிறது. வேலையில் இறங்கினால் மந்தப்படுகிறது. எழுத்து வரவரச் சிறுத்துப்போகிறது. நடக்கும்போது ஒரு கை வீசாமல் தொங்குகிறது. வாசற்படியண்டை கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறது. முகத்தில் பாவம் குன்றுவதால், அவர் கோபமாயிருக்கிறார் என்று உற்றாரே தவறாக எண்ணுகின்றனர். நடுக்கம் இன்றியே இந்நோய் வருவதும் உண்டு. ஆனால் கையிலும் காலிலும் தேடினால் நோயின் மூலம் அகப்படாது. அது மூளையின் ஆழத்தில் இருக்கிறது.

பெண்ணாடத்தையடுத்து வெள்ளாற்றில் உள்ள பெலாந்துறை அணைக்கட்டை அவ்வட்டாரத்தார் அறிவர். அத்தகைய அணையிலிருந்து பிரியும் ஒரு வாய்க்காலின் மதகுப் பலகை எப்போதும் இறங்கியே இருப்பதாக வைத்துக்கொள்வோம். பலகையைத் தூக்க ஓர் ஆளும், அதை அழுத்திப் பிடிக்க மற்றோர் ஆளும் இருக்கிறார்கள். எந்த வயலுக்குத் தண்ணீர் வேண்டுமோ அதற்கு மட்டும் பாய, இருவரும் அவசியமே.

மூளையிலும் இத்தகைய ஏற்பாடே அமைந்திருக்கிறது. கையை நீட்டவேண்டும் என்ற செய்தி மூளையின் மேற்புறணியிலிருந்து ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத் திரள்களுக்கு இறங்கி, தாலமஸ் என்னும் நிலையத்தின் வழியாக மேற்புறணிக்கே திரும்புகிறது. இதனையே நரம்புச் சுற்று என்கிறார்கள். அத்திரள்களின் வெளிவாயிலில் உள்ள பகுதி தாலமஸை இடைவிடாமல் அடக்கிக்கொண்டிருக்கிறது. அதுவே இறங்கிய பலகை. அடக்குமுறையைத் தளர்த்த ஒரு பாதையும், இறுக்க ஒரு பாதையும் உண்டு. நடுமூளையில் கரிய நிறமுடைய உயிரணுக்கள் சுரக்கும் டோபமைன் என்னும் பொருள், தளர்த்தும் பாதைக்கு ஊக்கமளித்து, இறுக்கும் பாதையை மட்டுப்படுத்துகிறது. நடுக்குவாதத்தில் இந்த உயிரணுக்கள் சிறிது சிறிதாக மடிகின்றன. டோபமைன் குன்றவே, தூக்குபவன் சோர்கிறான், அழுத்துபவன் ஓங்குகிறான். ஆற்றில் நீர் இருக்கிறது, வயலும் பழுதில்லை. ஆயினும் மதகு திறப்பதில்லை. மனம் ஏவியும் கை எழாத விந்தை இதுவே.

இது வெறும் உவமையன்று. 1990-இல் அமெரிக்காவில் மாலன் டிலாங் முதலியோர், இந்நோய்க்கு ஒப்பான நிலையிலிருந்த குரங்குகளின் மூளையில், இறுக்கும் பாதையைச் சேர்ந்த ஒரு சிறு திரளைச் செயலிழக்கச் செய்தபோது, முடங்கிய அசைவு மீண்டது. அத்திரளிலேயே மெல்லிய கம்பி பொருத்தி மின்துடிப்பு அளிக்கும் சிகிச்சையைப் பிரான்ஸில் பெனபித் குழுவினர் 1993-இல் தொடங்கினர். நடுக்கத்துக்கு மட்டும் சிறுமூளையைச் சார்ந்த மற்றொரு சுற்றும் துணைபோவதாக இன்றைய ஆராய்ச்சிகள் காட்டுகின்றன.

இவ்வறிவு வளர்ந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இரத்த அழுத்தத்துக்குச் சர்ப்பகந்தி பயன்படுவதை 1931-இல் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினர். பின்னாளில் அம்மூலிகையிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டது. ஸ்வீடனில் கார்ல்ஸன் 1957-இல் அம்மருந்தால் முயல்களை அசைவற்றுப்போகச் செய்து, பிறகு டோபா என்னும் பொருளைச் செலுத்தி எழுப்பினார். அதே டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்துச் சென்னையைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும் 1937-இல் வெளியிட்டிருந்தனர். நோயுற்று இறந்தோரின் மூளையில் டோபமைன் குன்றியிருப்பதை 1960-இல் வியன்னாவில் கண்டனர். 1967-இல் கோட்ஸியாஸ் டோபாவைப் படிப்படியாக உயர்த்தி வாய்வழியே கொடுத்துப் பெரும்பயன் கண்டார். இன்றும் லெவோடோபா என்ற பெயரில் அதுவே தலைசிறந்த மருந்து. இதை வாசித்துவிட்டுப் பூனைக்காலியைத் தாமே இடித்து உண்ணப் புகுவது தகாது. விதைக்கு விதை சத்து வேறுபடும். அளவு மிஞ்சினால் குமட்டலும், மயக்கமும், கட்டுக்கடங்கா அசைவும் நேரலாம்.

மருந்து மடிந்த உயிரணுக்களை மீட்பதில்லை; குறைந்த டோபமைனை ஈடுசெய்கிறது. ஆகவே நாள்தோறும் குறித்த வேளையில் உண்ணவேண்டும்; திடீரென நிறுத்துவது ஆபத்து. தரையில் இட்ட கோடுகளைத் தாண்டுவதும், தாளத்துக்கு அடிவைப்பதும் ஒட்டிய காலைப் பலருக்கு விடுவிக்கின்றன. பழுதுற்ற சுற்றை விட்டு மற்றச் சுற்றுகள் அப்போது துணைக்கு வருகின்றன என்பது அறிஞர் கருத்து. இதற்குக் காசு செலவில்லை. வீட்டாரின் பொறுமையே வேண்டும்.

இனிச் சர்க்காரின் கடமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்ஸன் நோய் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டிருக்கிறது. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை பெண்ணாடம் போன்ற சிற்றூர்களின் திண்ணைவரை வந்து சேரவேண்டாமா? தாலுகா ஆஸ்பத்திரிகளில் இம்மருந்து தடையின்றிக் கிடைக்கவேண்டும். நரம்பியல் வைத்தியர் குறித்த நாட்களில் அங்கே வந்து பார்க்கவேண்டும். கிராமச் செவிலியருக்கு இந்நோயின் ஆரம்பக் குறிகளைப் பயிற்றவேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

நம் வீட்டாரின் கடமை அதற்கும் முந்தியது. மந்தமாய் நடக்கும் பெரியவரைச் சோம்பல் என்று கடிவதை விட்டு, வைத்தியரிடம் அழைத்துச் செல்லவேண்டும். உழைத்து உழைத்து நம்மை வளர்த்த கை, உண்ணும் கவளத்தை வாய்க்குக் கொண்டுசெல்லமாட்டாமல் தவிக்கும்போது, வயதாகிவிட்டது என்று சொல்லி வாளாவிருப்பது நமக்கு அழகன்று.